பிளிசர்டும் பனிப்புயலும் ஒன்றுதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அலாஸ்கா குளிர்காலக் கட்டுரைக்கான சொற்பட்டியலில் பிளிசர்ட், விண்ட் சில், ஐஸ் ஃபாக், அவுட்லுக் நான்குக்கும் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. வந்த மடல்களில் பாதி முதல் சொல்லைப் பற்றியவை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

> பிளிசர்டுக்குப் பனிப்புயல் என்றுதான் நாளிதழ்கள் எழுதுகின்றன. வழக்கில் உள்ள சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்க வேண்டாம். வானத்திலிருந்து வெண்பனியைக் கொட்டிக்கொண்டு வரும் ஸ்னோஸ்டார்முக்கு அது அப்படியே இருக்கட்டும். பிளிசர்ட் வேறு. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை அதற்கு மூன்றே நிபந்தனைகள் வைத்திருக்கிறது: காற்று மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாமல் வீச வேண்டும், அல்லது அந்த வேகத்தில் அடிக்கடி வீச்சுகள் வர வேண்டும், பறக்கும் பனியால் 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியக்கூடாது, இந்த நிலை 3 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். கனடாவில் காற்று 40 கிலோமீட்டர் இருந்தால் போதும், ஆனால் 4 மணி நேரம் நீடிக்க வேண்டும். மரங்கள் முளைக்காத வடகோடியில் அது 6 மணி நேரம். இரண்டு நாட்டிலும் எவ்வளவு பனி விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக ஒரு பொட்டுப் பனி விழாவிட்டாலும் பிளிசர்ட் பிளிசர்ட்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் வித்தியாசம் இல்லை. அலாஸ்காவின் வடமுனையில் இருக்கிற உட்கியாக்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள் (2016 வரை பாரோ என்று பெயர்). ஆண்டு முழுதும் விழும் பனியையும் மழையையும் உருக்கிச் சேர்த்து அளந்தாலும் 15 சென்டிமீட்டர் தேறாது. கணக்குப்படி அது பாலைவனம். ஆனாலும் அங்கே பிளிசர்டுக்குப் பஞ்சமில்லை. சமதளமான தூந்திரத்தில் காற்றை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. என்றைக்கோ விழுந்த பனியைக் காற்று வாரியெடுத்து ஓடுகிறது. உருண்டு உருண்டு முனை மழுங்கிய அந்தத் துகள்கள் மாவுபோல இருக்கும். கோட்டின் ஜிப் இடுக்கு வழியாகக்கூட உள்ளே புகுந்துவிடும். அண்ணாந்தால் சில சமயம் நட்சத்திரம் தெரியும், எதிர்வீட்டு விளக்கு தெரியாது. இதைப் பனிப்புயல் என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் வருவது கொட்டும் பனியும் கருமேகமும்தான்.

புயல் என்ற சொல்லிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நமக்குப் புயல் என்றால் வங்கக் கடலில் சுழன்று, பெயர் சூட்டிக்கொண்டு, ஏதோ ஓர் இடத்தில் கரையைக் கடப்பது. பிளிசர்டுக்குச் சுழலோ கண்ணோ தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கிடையே காற்றழுத்த வேறுபாடு அதிகமாக இருந்தாலே போதும்.

அதனால் என் பரிந்துரை பனிச்சூறை.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மீனவர்களுக்கான எச்சரிக்கை. ‘சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்று செய்தியில் எத்தனை முறை கேட்டிருப்போம்! பிளிசர்டுக்கான 56 கிலோமீட்டர் இந்த வரம்புக்குள்தான் வந்து உட்காருகிறது. புயல் என்று அறிவிக்க 62 கிலோமீட்டர் வேண்டும், சுழலும் வேண்டும். ஆக, நம் வானிலைத் தமிழிலேயே இந்தக் காற்றுக்குப் பெயர் தயாராக இருக்கிறது. முன்னால் பனியைச் சேர்ப்பதுதான் பாக்கி.

> சூறை என்றால் கொள்ளை என்றும் பொருள் வருமே?

வரட்டுமே. சூறையாடல் என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள்தான் சூறைக்காற்றையும் குழப்பமில்லாமல் புரிந்துகொள்கிறார்கள். தரையில் கிடந்த பனியை வாரிக்கொண்டு போவதால் அந்தப் பொருளும் இங்கே ஒட்டத்தான் செய்கிறது.

அடுத்தது விண்ட் சில். பட்டியலில் ‘காற்றுக்குளிர்மக் காரணி’ என்று இருக்கிறது. வாய்க்குள் நுழையவில்லை. ‘உணர்குளிர்’ என்று ஒரு நண்பர் சொன்னது சுருக்கமாக இருக்கிறது, ஆனால் காற்று காணாமல் போய்விட்டது. விண்ட் சில் என்பது வெறும் உணர்வு இல்லை. காற்று நம் தோலிலிருந்து எவ்வளவு விரைவாகச் சூட்டைப் பறிக்கிறது என்பதன் கணக்கு. சைப்பிள், பாசெல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து 1945இல் முதல் கணக்கை வெளியிட்டார்கள். மனித முகம் பிளாஸ்டிக் உருளை இல்லை என்பதால், பின்னால் டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டுச் சோதித்து, 2001இல் இப்போதைய சூத்திரத்துக்கு வந்தார்கள். அதன்படி −20 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது −33. நிறுத்தி வைத்த காருக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ அது என்றும் −20தான். எவ்வளவு காற்றடித்தாலும் அதற்குக் கீழே போகாது.

இதற்கு ஊதைக்குளிர் எப்படி? குளிர்காற்றை ஊதை என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். ‘ஊதக்காத்து அடிக்குது, தலையில துண்டைக் கட்டு’ என்று இன்றைக்கும் வீட்டில் சொல்கிறோம். வாடையும் நல்ல சொல்தான், ஆனால் அது வடக்கிலிருந்து வருவது. உட்கியாக்விக்கில் காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும். தவிர, அந்த ஊருக்கு வடக்கே மிச்சமிருப்பது கடல் மட்டுமே.

இந்தச் சொல்லைச் சரியாக வைத்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், 2024 அக்டோபரில் அமெரிக்க வானிலைச் சேவை ‘விண்ட் சில் வார்னிங்’ என்ற பெயரையே எடுத்துவிட்டு ‘எக்ஸ்ட்ரீம் கோல்ட் வார்னிங்’ ஆக்கிவிட்டது. காற்றே இல்லாமலும் குளிர் ஆளைக் கொல்லும். அதற்கு அலாஸ்காவின் உட்பகுதியில் இருக்கிற ஃபேர்பேங்க்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்று பக்கம் குன்று சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது ஊர். சூரியன் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் டிசம்பர், ஜனவரியில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் படிந்து அசையாமல் கிடக்கும். குன்றின் மேல் வீடு கட்டியவர்களுக்குக் கீழே இருப்பவர்களைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி சூடு கூடுதலாக இருப்பது அங்கே சகஜம். ஊருக்குள் கார்களின் முன்பக்கத்தில் மின்சார பிளக் ஒன்று வால் மாதிரி தொங்கும். நிறுத்துமிடத்தில் அதைச் சொருகி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் மாலையில் வண்டி கிளம்பும். ராத்திரி முழுக்க நின்ற டயர் அடியில் தட்டையாக உறைந்து, காலையில் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடக்தடக்கென்று ஓடும். இங்கே ஊதைக்குளிர் எவ்வளவு என்று கேட்பதில் அர்த்தமில்லை. புதிய எச்சரிக்கையைக் ‘கடுங்குளிர் எச்சரிக்கை’ என்று நேராகவே எழுதலாம்.

ஐஸ் ஃபாக் பிறப்பதும் இந்தப் பள்ளத்தில்தான். −35, −40 டிகிரியில் காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. கார்ப்புகையிலும் புகைபோக்கியிலும் வரும் நீராவி அப்படியே நுண்ணிய படிகங்களாக உறைந்து தெருவில் தொங்கும். பட்டியலில் உள்ள ‘பனிக்கட்டி மூடுபனி’யில் பனி இரண்டு முறை வந்து இரண்டு பொருள் தருகிறது. படிக மூட்டம் போதும் என்று நினைக்கிறேன். நம் பனி என்ற சொல் மார்கழிப் புல்நுனியிலிருந்து ஆர்க்டிக் வரை எல்லாவற்றையும் சுமக்கிறது. தவிர்க்க முடிந்த இடத்தில் அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

அவுட்லுக்கை ‘முன்னறிவிப்பு’ என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது. மூன்று மாத அவுட்லுக் எந்தத் தேதியில் எங்கே பனி விழும் என்று சொல்வதில்லை. 1991 முதல் 2020 வரையிலான சராசரியை வைத்து, இந்தப் பருவம் வழக்கத்தைவிடக் குளிராக, வழக்கம்போல, அல்லது வெப்பமாக இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்கிறது, அவ்வளவுதான். எந்தத் துப்பும் இல்லாவிட்டால் மூன்றுக்கும் சமமாக 33. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டென்றால் அலாஸ்காவில் குளிர்ப்பக்கம் கொஞ்சம் ஏறும். அப்படி 45 சதவீதம் வந்தாலும், குளிராக இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். ‘பருவக் கணிப்பு’ என்று எழுதினால், கருத்துக்கணிப்பு பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு எவ்வளவு நம்பலாம் என்றும் தெரிந்துவிடும்.

வானிலைச் சேவையின் அறிவிப்புகளில் வரும் வாட்ச், அட்வைசரி பற்றித் தனி மடலில் பேசலாம், இதிலேயே இழுத்தால் நீளும். அதற்குமுன் ஒன்று: பிளிசர்ட் வகைகளில், விழுந்து கிடந்த பனி மட்டுமே பறப்பதைக் ‘கிரவுண்ட் பிளிசர்ட்’ என்கிறார்கள். ‘தரைப் பனிச்சூறை’ என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தரையோடு தரையாக வீசுவது என்று தப்பாகப் படிக்க இடமிருக்கிறது. உண்மையில் அது ஆள் உயரத்துக்கு மேலேயும் எழும்பும். ‘கிடைபனிச் சூறை’ பொருளில் சரி, காதுக்குத்தான் இன்னும் பழகவில்லை. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள். கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.