ஆர்.ஓ. தண்ணீர் வரத்து பாதியாகிவிட்டது: மெம்பரேனை மாற்ற வேண்டுமா?

குடத்தடி:

வீட்டு ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பை நீக்கும் மெஷின்), போர் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மி.கி.) 980, கடினத்தன்மை லிட்டருக்கு 420 மி.கி., இரும்பு 0.4 மி.கி. 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 காலன்) மெம்பரேன், அதாவது சவ்வு, போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. புதிதில் நிமிடத்துக்கு 200 மி.லி. வந்தது, இப்போது 100 மி.லி. தான். டிடிஎஸ் 105 இருந்தது, 150 ஆகியிருக்கிறது. கழிவு குறையட்டும் என்று 450 ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை (கழிவு நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று கட்டுப்படுத்தும் துண்டு) எடுத்துவிட்டு 200 போட்டிருக்கிறேன். இப்போது கழிவு நிமிடத்துக்கு 140 மி.லி. நல்ல தண்ணீரில் மூலத்தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் அட்ஜஸ்டர் கொஞ்சம் திறந்திருக்கிறது. இதற்கு முந்தைய மெம்பரேனும் ஒரு வருடம் தாண்டவில்லை. மெம்பரேனை மாற்றுவதா? அல்லது ஆர்.ஓ.வையே விட்டுவிட்டு யூவி (புற ஊதா) விளக்கு, யூஎஃப் இழை வடிகட்டி மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

மிதவை:

இரண்டாவது கேள்வி சுலபம். யூஎஃப் இழையின் துளை சுமார் 0.01 மைக்ரான், கிருமியைப் பிடிக்கும், கரைந்த உப்பைத் தொடாது. யூவி எதையும் வடிகட்டுவதே இல்லை. 980 டிடிஎஸ், 420 கடினத்தன்மைக்கு ஆர்.ஓ. இருக்கட்டும். 200, 300 டிடிஎஸ் உள்ள தண்ணீராக இருந்து, ஆய்வகச் சோதனையில் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் இல்லையென்றும் வந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மெம்பரேனைத் தீர்மானிக்கும் முன் மூன்று அளவு எடுங்கள்.

முதலில் அட்ஜஸ்டரை முழுக்க மூடிவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, மெம்பரேன் ஹவுசிங்கிலிருந்து வரும் நல்ல தண்ணீர் டியூபிலேயே டிடிஎஸ் பாருங்கள். நின்றுபோய்க் கிளம்பும் முதல் தண்ணீரில் அளவு எப்போதும் கூடுதலாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். 980-லிருந்து அந்த அளவைக் கழித்து, 980-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் நீக்கும் சதவீதம். 90-க்கு மேல் என்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள்.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பம்புக்குள் போகும் டியூபைக் கழற்றி வாளியில் விடுங்கள். சோலனாய்டு வால்வு பம்புக்கு முன்னால் இருந்தால் மின்சாரம் இல்லாமல் அது திறக்காது. அதற்கும் முன்னால் உள்ள இணைப்பைக் கழற்றுங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது? உங்கள் மெஷின் முழு வேகத்தில் ஓட நல்ல தண்ணீரும் கழிவுமாக நிமிடத்துக்கு 400 மி.லி. வேண்டும். அதைவிடத் தாராளமாக வராவிட்டால் பம்ப் பட்டினியில் ஓடுகிறது என்று அர்த்தம். அப்படி ஓடும் பம்ப் கடகடவென்று சத்தம் போடும், அதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, பம்புக்கும் மெம்பரேனுக்கும் நடுவே ஒரு T வடிவ இணைப்பு போட்டு பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டுங்கள். ஓடும்போது அழுத்தம் 60 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) இருக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் சவ்வு அடைத்திருக்கிறது. அழுத்தமே இல்லையென்றால் சவ்வின் மேல் பழி போடாதீர்கள்.

உப்புக்கல்:

மிதவை சொன்ன வரிசை சரி. ஆனால் அந்த 200 ரெஸ்ட்ரிக்டரைச் சும்மா விட முடியாது. மெம்பரேன் புதிதாக இருந்தபோது, அட்ஜஸ்டர் வழி வருவது போக, 190 மி.லி. நல்ல தண்ணீர், 200 கழிவு என்று வையுங்கள். பாதித் தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டீர்கள், உப்பு முழுக்க மீதிப் பாதியில். கழிவு வெளியேறும் முனையில் கடினத்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்கு, 840. பழைய 450 இருந்திருந்தால் 1.4 மடங்கு, 600 பக்கம்தான் போயிருக்கும். சுண்ணாம்பு படிவதற்கு இந்த வித்தியாசம் போதும். கழிவைப் பாத்திரம் கழுவவோ தரை துடைக்கவோ பிடித்துக்கொள்ளுங்கள், ரெஸ்ட்ரிக்டரில் கைவைக்காதீர்கள்.

இதற்கு ஆன்டிஸ்கேலன்ட் (சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்து) உருண்டை போட்ட காட்ரிட்ஜ்தான் வழி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். தண்ணீர் நிற்கும்போது அதிகம் கரையும், ஓடும்போது குறைவாகக் கரையும். அளவு உங்கள் கையில் இல்லை. ஆர்.ஓ.வுக்கு முன்னால் சிறிய சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) வைத்தால் சவ்வில் சுண்ணாம்பு படிய வழியில்லை. அது டிடிஎஸ்ஸைக் குறைக்காது, கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கும், அதை ஆர்.ஓ. எடுத்துவிடும். ஆனால் சாஃப்ட்னர் வைத்தால் அட்ஜஸ்டரை மூடித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சோடியம் நேராகக் குடத்துக்கு வரும். 0.4 இரும்பு சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளையும் கெடுக்கும், ஆகவே இரும்பு ஃபில்டர் அதற்கும் முன்னால்.

குடத்தடி:

அளந்துவிட்டேன். அட்ஜஸ்டரை மூடினால் டிடிஎஸ் 62. பம்புக்கு முன் நிமிடத்துக்கு 260 மி.லி. தான் வருகிறது. அழுத்தம் 35 பிஎஸ்ஐ. முன்னால் வண்டலைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு அளந்தால் 900 மி.லி. வெட்டிப் பார்த்தேன், உள்ளே வரை செம்பழுப்பு.

மிதவை:

அப்போது மெம்பரேனை வாங்காதீர்கள். 980-க்கு 62 என்றால் நீக்கம் 93.7 சதவீதம், சவ்வு உயிரோடு இருக்கிறது. கணக்கும் பொருந்துகிறது. உங்கள் தண்ணீரின் சவ்வூடு அழுத்தமே (உப்பு தண்ணீரைப் பின்னுக்கு இழுக்கும் அழுத்தம்) சுமார் 10 பிஎஸ்ஐ, அதைக் கழித்த மீதிதான் தண்ணீரைத் தள்ளும். 60-ல் 50 மீதி, 35-ல் 25 மீதி. பாதி.

டிடிஎஸ் ஏறியதற்கும் இதுவே காரணம். அட்ஜஸ்டர் வழியாக நிமிடத்துக்குப் பத்து மி.லி. போல மூலத்தண்ணீர் கலக்கிறது. சவ்வு வழி 190 வந்தபோது அந்தப் பத்து 105 காட்டியது. 90 ஆனதும் அதே பத்து 150 காட்டுகிறது.

குழாயில் தெளிவாக வரும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி செடிமென்ட்டில் சிக்குகிறது. வெள்ளைப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், அடியில் பழுப்பு தெரியும். ஐந்து மைக்ரான் செடிமென்ட்டை நாள் பார்த்து மாற்றாமல் அந்த வாளி அளவை மாதம் ஒருமுறை எடுங்கள். 200 ரெஸ்ட்ரிக்டர் இருக்கும் வரை 500-க்குக் கீழே வந்ததும் மாற்றுங்கள்; 450 திரும்பப் போட்டால் நல்ல தண்ணீரும் கழிவுமாக 650 வேண்டும், அப்போது 700-க்குக் கீழே வந்ததும் மாற்றுங்கள். கார்பன் ஃபில்டருக்கும் அதே சோதனைதான். புதுக் கார்பன் போட்டால் கருப்புப் பொடி நிற்கும் வரை மெம்பரேனுக்கு விடாமல் வெளியே ஓடவிடுங்கள்.

சல்லடை:

விட்டுப்போனவை சில. 450 ரெஸ்ட்ரிக்டரை மாட்டும்போதே மெம்பரேனையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். கழிவு முனையில் வெள்ளையாய் நறநறப்பு இருந்தால் சுண்ணாம்பு. தண்ணீர் நுழையும் முனையில் வழவழப்பாய்ப் பழுப்பு இருந்தால் இரும்பு. சுண்ணாம்பு லேசாக இருந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். கெட்டியாகப் படிந்துவிட்டால் இது பெரிதாக உதவாது.

திரும்பச் செருகும்போது இரண்டு சிறிய ஓ-ரிங் உள்ள முனை ஹவுசிங்கின் அடிக்குள் போக வேண்டும். பெரிய கருப்பு ரப்பர் உதடு மூடிப் பக்கம் வரும். அது மடங்கினால் தண்ணீர் சவ்வுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு கழிவுக்கு ஓடிவிடும்; 'புது மெம்பரேனும் வேலை செய்யவில்லை' என்ற புலம்பலில் பாதி இதுதான். ரப்பருக்குத் தண்ணீரோ சிலிகான் கிரீஸோ தடவுங்கள். வாஸ்லின், எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

அட்ஜஸ்டரைத் திறந்து வைப்பதானால் யூவி அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் சவ்வைப் பார்க்காமலே வருகிறது, டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. யூவி விளக்கு நீலமாக எரிவது மட்டும் அத்தாட்சி இல்லை. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டே அது தேய்ந்துபோகும். தொடர்ந்து எரியும் விளக்கு என்றால் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.

நல்ல தண்ணீர் தொட்டியைச் சுத்தம் செய்ய: வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச், 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. அரை மணி நேரம் வைத்து, குழாய் வழியாகவே வெளியேற்றி, வாடை போகும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். இது மெம்பரேன் பக்கம் திரும்பிப் போகக்கூடாது, குளோரின் அந்தச் சவ்வை அரித்துவிடும். அதனால் மெஷினை நிறுத்தி, தொட்டிக்கு வரும் டியூபைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.