ஜெனே படத்தின் சத்தத்தை வெட்டியது யார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனே 1950-ல் எடுத்த 'அன் ஷான் தமூர்' பத்தி நேத்து ஒருத்தர் எழுதினதைப் படிச்சு வயிறு எரிஞ்சுது. சென்சார் ஒலியை வெட்டிட்டாங்களாம், அதான் ஊமைப்படமாம். இல்லீங்க! ஊமைப்படமாவே எடுத்தது. 26 நிமிஷம், கறுப்பு வெள்ளை, அவர் இயக்கின ஒரே படம்.

வேலந்தாவளம் ரசிகன்: நான்தான் எழுதினேன். பேருக்கு அர்த்தமே 'காதல் பாட்டு'. பாட்டு எங்கே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: காதலிக்கிற ரெண்டு ஆண் கைதிங்க, நடுவுல சுவர், அதுல சின்ன ஓட்டை. ஒருத்தன் வைக்கோலை நுழைச்சுப் புகையை ஊதுறான், அடுத்த அறைக்காரன் வாயில வாங்கிக்கிறான். அதுதான் பாட்டு! பேச வழியில்லாத இடத்துல மூச்சையே அனுப்புறான். ஜெனே ஜெயில்ல கிடந்த மனுஷன், தெரிஞ்சுதான் எடுத்திருக்கார். வெட்டுன்னு சொன்னா அந்தக் காட்சியையே கொல்றீங்க.

வேலந்தாவளம் ரசிகன்: புகை புகைதான். நான் பார்த்த காப்பியில மியூசிக் இருந்துச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: பின்னாடி சேர்த்தது அது!

மீனாட்சிபுரம் அக்கா: சத்தத்தை விடுங்கப்பா. பல வருஷம் ஒளிச்சு ஒளிச்சுக் காட்டின படம். 1964-ல் நியூயார்க்கில் திரையிட்டதுக்கு சினிமாக்காரர் ஜோனாஸ் மேகாஸைக் கைது பண்ணாங்க. கலிபோர்னியா வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயி 1967-ல் ஆபாசம்னே முடிஞ்சுது. அதைப் பேசுங்க.

வேலந்தாவளம் ரசிகன்: அக்காவே தடைன்னு சொல்லிட்டாங்க. தடை போட்டவன் சத்தத்தை மட்டும் விட்டு வைப்பானா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: தடை வேற, வெட்டு வேற! போன தடவையும் இதே கதைதான். ஓரினக் காதலைப் பேசுற 'கா பாடிஸ்கேப்ஸ்'ங்கிற மலையாளப் படத்துக்கு 2016-ல் சென்சார் சான்றிதழே தரமாட்டேன்னாங்க. கோழிக்கோட்டுல நடக்கிற கதை, நம்ம பக்கத்துப் படம். நீங்க "ரெண்டு சீன் வெட்டு"ன்னு அடிச்சு விட்டீங்க. இன்னும் திருத்தலை.

வேலந்தாவளம் ரசிகன்: அன்னிக்கு நீங்க என்னை "அரைகுறை"ன்னு சொன்னதும் ஞாபகம் இருக்கு சார்.

கொல்லங்கோட்டுத் தம்பி: இந்தக் கருமத்துக்கு இவ்வளவு சண்டையாண்ணே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: கருமமா? சம்மதத்தோட நடக்கிற ஓரினச்சேர்க்கையையும் குற்றம்னு சொன்ன 377-வது பிரிவை 2018-லயே உச்ச நீதிமன்றம் அந்த அளவுக்குத் தள்ளியாச்சு, உன் வாய்ல மட்டும் இன்னும் இருக்கு. முதல்ல படத்தைப் பாரு.

மீனாட்சிபுரம் அக்கா: தம்பியை ஏன் கடிக்கிறீங்க? நீங்க பேச ஆரம்பிச்சா வேற ஆளுக்கு இடமே இல்ல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: தப்பை யாரும் திருத்தலைன்னா நான்தானே பேசணும்? 1950-லயே ஊமைப்படம். வெட்டு இல்ல.

வேலந்தாவளம் ரசிகன்: பேரு பாட்டு. பாட்டு இல்ல. அப்போ வெட்டுதான்.