256 ஜிபி சர்வரில் 64 ஜிபி ஜாப் நாலு ஏன் ஓட மாட்டேங்குது?

ஹெச்எஸ்ஆர்_வாசி:
பெங்களூரு ஆபீஸில் எட்டுப் பேருக்கு ஒரே சர்வர். 256 ஜிபி ராம், 32 கோர். யார் ஜாப் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் ஸ்லர்ம். இரண்டு குழப்பம்.

ஜாப் ஒன்றுக்கு 64 ஜிபி என்று நாலு போட்டால் மூன்றுதான் ஓடுகிறது. நாலாவது பெண்டிங், காரணம் ‘ரிசோர்சஸ்’. அந்த நேரத்தில் ஃப்ரீ கமாண்ட் அடித்தால் 150 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஸ்லர்மின் எஸ்கண்ட்ரோல் கமாண்டில் நோடின் (அதாவது இந்த சர்வரின்) ரியல்-மெமரி 257600 எம்பி என்று காட்டுகிறது.

அடுத்தது, ஒரு ட்ரெய்னிங் ஜாப் பாதியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று சாகிறது. ஸ்லர்ம் பதிவு செய்யும் உச்ச ராம் அளவான மேக்ஸ்-ஆர்எஸ்எஸ் பார்த்தால் 37 ஜிபிதான். 64 கேட்டுவிட்டு 37 மட்டும் தொட்ட ஜாப்பை ஏன் கொல்ல வேண்டும்? வேகத்துக்காக ஜாப் ஸ்கிரிப்டிலேயே 28 ஜிபி டேட்டாவை டெவ்-எஸ்ஹெச்எம் ஃபோல்டருக்கு காப்பி செய்கிறோம். அது டிஸ்க்தானே?

கெர்னல்_கிறுக்கன்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். ஸ்லர்ம் காலி ராமைப் பார்ப்பதே இல்லை, தன் கணக்கு நோட்டைத்தான் பார்க்கும். சாந்திநகரில் ஓசூர் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியா துண்டு போடுறோமே, அதே கதை. ஆள் இன்னும் ஏறலை, ஆனா சீட் போச்சு. ஃப்ரீ கமாண்ட் உட்கார்ந்தவர்களை எண்ணுகிறது, ஸ்லர்ம் துண்டுகளை எண்ணுகிறது.

இப்போ துண்டுகளை எண்ணுங்க. 64 ஜிபி என்றால் 65536 எம்பி. நாலுக்கு 262144. உங்க நோடில் இருப்பது 257600. கெர்னலும் ஃபர்ம்வேரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சியதுதான் அந்த எண், முழு 256 ஜிபி எந்த நோடிலும் கிடைக்காது. 4544 எம்பி குறைகிறது, அதனால் நாலாவது நிற்கிறது. 62 ஜிபி கேளுங்க: 63488 பெருக்கல் நாலு, 253952. நாலும் ஓடும்.

எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ போட மறக்காதீங்க. வெறும் 62 என்றால் 62 எம்பி, ஜாப் ஆரம்பித்த வேகத்தில் செத்துவிடும். பூஜ்யம் போட்டால் நோடின் மொத்த மெமரியும் உங்களுக்கு. பக்கத்து சீட்காரர் சண்டைக்கு வருவார்.

நைட்_ஷிஃப்ட்:
டெவ்-எஸ்ஹெச்எம் டிஸ்க் இல்லை, டிஎம்பிஎஃப்எஸ். அதாவது ராமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம். அங்கே எழுதும் ஒவ்வொரு பக்கமும் எழுதிய ஜாப்பின் சிகுரூப் (கெர்னல் ஜாப்புக்கு வரம்பு போடும் குழு) கணக்கில் ஏறும். ஆனால் ஆர்எஸ்எஸ் என்பது ப்ராசஸின் முகவரி வெளியில் மேப் ஆன பக்கங்கள் மட்டும். ஃபைலை எம்மேப் செய்யாமல் (அதாவது முகவரி வெளியில் நேரடியாக இணைக்காமல்) சாதாரணமாக ரீட் செய்தால் அந்த 28 ஜிபி ஆர்எஸ்எஸ்ஸில் தலைகாட்டாது. 37ம் 28ம் 65. வரம்பு 64. முடிஞ்சது.

சாதாரண டிஸ்க் ஃபைலின் பேஜ் கேஷும் (ராமில் தங்கும் நகல்) இதே கணக்கில்தான் வரும், ஆனால் நெருக்கடி வந்தால் கெர்னல் அதைத் தூக்கி எறிந்துவிடும். டிஎம்பிஎஃப்எஸ் பக்கத்துக்குப் பின்னால் டிஸ்க் கிடையாது, ஸ்வாப் (ராமிலிருந்து தள்ளிவைக்க டிஸ்கில் ஒதுக்கிய இடம்) இல்லாவிட்டால் எறிய இடமில்லை.

மேக்ஸ்-ஆர்எஸ்எஸ்ஸையும் முழுசா நம்பாதீங்க. டீஃபால்டாக 30 வினாடிக்கு ஒரு சாம்பிள். நடுவில் ஏறி இறங்கிய உச்சம் அதில் விழாது. ஓடும்போதே சிகுரூப் ஃபோல்டரில் மெமரி-ஸ்டாட் ஃபைலைத் திறந்து அனான் (ப்ராசஸின் சொந்த மெமரி), ஃபைல் (பேஜ் கேஷ்), எஸ்ஹெச்மெம் (டிஎம்பிஎஃப்எஸ்) மூன்று வரியையும் பாருங்க. சிகுரூப் வெர்ஷன் 2-ல் ஃபைல் எண்ணுக்குள்ளேயே எஸ்ஹெச்மெம் அடக்கம், இரண்டையும் கூட்டிவிட்டு பயப்படாதீங்க.

டேட்டாவை லோக்கல் என்விஎம்இ டிஸ்கில் வைத்தால் போதும். ட்ரெய்னிங்கின் இரண்டாவது சுற்றில் பேஜ் கேஷே முடிந்தவரை வேலையைப் பார்க்கும், இடம் தேவைப்பட்டால் விலகியும் கொள்ளும்.

சும்மா_ஒருத்தன்:
இவ்வளவு எதுக்கு? ஸ்லர்ம் கன்ஃபிகில் சிஆர்-கோர்-மெமரி என்பதை சிஆர்-கோர் ஆக்கிடுங்க. மெமரி கணக்கே பார்க்காது, நாலும் ஓடும்.

கெர்னல்_கிறுக்கன்:
ஓடும், எல்லோரும் ஒரே நேரத்தில் மெமரியைத் தொடும் வரை. அதற்கப்புறம் மொத்த சர்வரின் ஓஓஎம் கில்லர் (ராம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) எழும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவனைத்தான் அது அடிக்கும். தப்பு செய்தவன் அவனாக இருக்கணும்னு இல்லை. கெர்னல் லாகைக் காட்டும் டிமெஸேஜில் கொலைச் செய்தி ‘மெமரி சிகுரூப்’ என்று தொடங்கினால் ஜாப் தன் வரம்பை மீறியது. அந்த இரண்டு சொல் இல்லாமல் வெறும் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால் சர்வரே தடுமாறியது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ரூட்_ஆனா_சாது:
62 ஜிபி கணக்கில் ஒரு ஓட்டை. அட்மின் மெம்-ஸ்பெக்-லிமிட் (சிஸ்டத்துக்கென ஒதுக்கும் எம்பி) 4096 என்று வைத்திருந்தால் ஜாப்புகளுக்கு மிஞ்சுவது 253504. 448 எம்பி பற்றாமல் நாலாவது மறுபடி நிற்கும். 60 ஜிபி கேளுங்க, 245760, எப்படியும் இடம் இருக்கும்.

ஹெச்எஸ்ஆர்_வாசி:
4096 தான் வைத்திருக்கிறார்கள். 60 ஆக்கி, டேட்டாவை என்விஎம்இ-க்கு மாற்றிவிட்டேன். நாலும் ஓடுகிறது. இப்போ ஜாப் எதுவும் இல்லாத நேரத்திலும் ஃப்ரீயில் ‘ஷேர்டு’ பத்தியில் 56 ஜிபி நிற்கிறதே?

நைட்_ஷிஃப்ட்:
செத்த ஜாப்புகளின் பிணம். 28-ஆக இரண்டு தடவை. ஜாப் போனாலும் டெவ்-எஸ்ஹெச்எம் ஃபைல் தானாகப் போகாது, ஸ்லர்மின் கணக்கு நோட்டிலும் அது இருக்காது. அந்த இடத்தையும் காலி என்று நினைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். கையால் அழியுங்க. ஸ்கிரிப்ட் கடைசியில் அழிக்கும் ஆர்எம் வரி போட்டால் பத்தாது, கொல்லப்பட்டால் அந்த வரிக்கு வரவே வராது. அட்மினிடம், ஜாப் முடிந்ததும் ஓடும் எபிலாக் ஸ்கிரிப்டில் அழிக்கச் சொல்லுங்க, இல்லை ஜாப்-கண்டெய்னர் டிஎம்பிஎஃப்எஸ் ப்ளக்-இன் போடச் சொல்லுங்க. ஜாப்புக்குத் தனி டெவ்-எஸ்ஹெச்எம், முடிந்ததும் அதோடு போய்விடும்.