முதியோர் பகல் நிலையங்களுக்கு உதவிய அனுபவங்கள்: கொழும்பிலிருந்து எழுதுங்கள்

வெள்ளவத்தை உறுப்பினர்:

எங்கள் ஒழுங்கைக்கு அருகே, ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கத்தில் முதியோருக்கான பகல் நிலையம் ஒன்று நடக்கிறது. காலையில் வருவார்கள். பத்திரிகை வாசிப்பு, பிரஷர் பார்ப்பது, கொஞ்சம் உடற்பயிற்சி, கரம், கதை, மத்தியானச் சாப்பாடு, பிறகு வீடு. இரவு தங்கும் இல்லம் இல்லை இது. அவரவர் வீட்டுத் திறப்பு அவரவர் கையில் இருக்க வேண்டும், அவரவர் குசினியில் தாங்களே தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பதற்காகவே நடத்துகிறார்கள். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் உள்ள தொடர்மாடிகளில் எத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள் என்பது இங்கு வசிக்கும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் லண்டனில், கனடாவில், சிட்னியில்.

எங்கள் ஆட்கள் தாராள மனதுக்காரர்கள். அப்பாவின் திவசம், பேத்தியின் பிறந்தநாள் என்றால் மத்தியானச் சாப்பாடு தர முன்கூட்டியே நாள் கேட்டு வைக்கிறார்கள். ஒக்டோபர் 1 வந்தால் கேட்கவே வேண்டாம். முதியோர் தினமும் சிறுவர் தினமும் நம் நாட்டில் ஒரே நாள் என்பதால் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து பாடி, ஆடிவிட்டுப் போவார்கள். நல்ல விஷயம், தொடரட்டும். ஆனால் சாப்பாட்டுக்கு ஆள் கிடைக்காத நாள் அங்கு குறைவு. ஆள் கிடைக்காதது வேறு தேவைகளுக்கு.

எண்பதை நெருங்கும் ஒரு அம்மா, ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டால் உடம்பு சரியில்லை என்றார். நிலையத்தை நடத்தும் அக்கா தனியாக இருந்து கதைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மண்டபத்தில் இருந்தது குந்தும் மலசலகூடம். முழங்கால் வலியோடு குந்தினால் எழும்ப முடியவில்லை. அதற்குப் பயந்து விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறார். ஒரு நாள் தலைசுற்றியிருக்கிறது. அதோடு சரி, வரவில்லை. யாரிடமும் சொல்லவும் வெட்கம்.

கொமட் ஒன்று வைத்து, சுவரின் இரண்டு பக்கமும் கைபிடி பொருத்தினோம். சில நாள் சாப்பாட்டுச் செலவுதான் ஆனது. ஆனால் அந்தக் காசைச் சேர்க்க நெடுநாள் அலைய வேண்டியிருந்தது, ஏனென்றால் மலசலகூடத்துக்குத் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா இப்போது மறுபடி வருகிறார். வாய் திறக்காமல் சாப்பாட்டுக்கு முன்பே எழும்பிப் போய்க்கொண்டிருந்த இன்னும் சிலரும் முழு நேரமும் இருக்கிறார்கள்.

இப்படி நீங்கள் கண்டதையும் எழுதுங்கள். எது உண்மையில் அவர்களைத் தங்கள் காலில் நிற்க வைத்தது?

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

என் அம்மா போன வருடம் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. தூக்கி இருத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாவுக்குச் சொல்லிப் போடாதை. சொன்னால் என்னை அங்கே கூப்பிட்டு ஒரு அறைக்குள்ளே இருத்திப் போடுவான்." அதன் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே தயங்கினார். நடக்காவிட்டால் கால் பலம் குறையும், பலம் குறைந்தால் மறுபடி விழுவார். இந்தச் சுழலை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு தேவாலயத்தோடு சேர்ந்த சிறிய நிலையத்துக்கு பிசியோதெரபி படித்த ஒரு பிள்ளை வருகிறார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். முடியவில்லை. கதிரையில் இரண்டு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டினார், எழும்பினார். பிறகு ஒரு தலையணை. கடைசியில் வெறும் கதிரை. அதே நேரம் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றதை வைத்து நிற்கப் பழக்கினார். இவ்வளவுதான் பயிற்சி, ஆனால் தினமும்.

அப்புறம் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். கிளினிக்கில் தந்தது, பக்கத்து டிஸ்பென்சரியில் வாங்கியது, அண்ணா அனுப்பியது எல்லாம் கலந்து கிடந்தன. நடுவில் வருடக்கணக்காக எடுத்துவந்த தூக்க மாத்திரை. அந்தப் பையோடு வைத்தியரிடம் போனோம். அவர் தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார், எழும்பி நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதா என்றும் பார்த்தார். வயதானவர்கள் விழுவதற்கு இவை இரண்டும் பெரிய காரணங்களாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், பையோடு போய்க் கேளுங்கள்.

அம்மா இப்போது சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறார். அண்ணாவுக்குத் தானே ஃபோன் எடுத்து விழுந்த கதையைச் சொன்னார்.

நிலையத்துக்கு நான் செய்வது சின்ன வேலை. சனிக்கிழமைகளில் வருபவர்களின் வீடுகளுக்குப் போய் எரியாத மின்குமிழ் மாற்றுவேன், குளியலறையில் கைபிடி பூட்டுவேன், காலில் தட்டும் வயரை ஓரமாக ஆணியடித்து விடுவேன். டிரில் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு உறுப்பினர்:

அப்பா தெஹிவளையில் இருக்கிறார். நானும் முதலில் சாப்பாட்டுக்குத்தான் அனுப்பினேன். பிறகு நிலையத்தவர்களிடம் நேரே கேட்டேன், எந்தச் செலவு உங்களுக்குத் தலையிடி என்று. மின்சாரக் கட்டணமும், உதவிக்கு நிற்கும் பிள்ளையின் சம்பளமும், நடக்க முடியாதவர்களின் ஆட்டோக் காசும் என்றார்கள். இப்போது மாதாமாதம் ஒரு சிறிய தொகை வங்கியிலிருந்து தானாகப் போகிறது. பெரிய தொகை ஒரு தடவை வருவதைவிட, சிறியதானாலும் தவறாமல் வருவது தங்களுக்கு உதவி என்று அவர்களே சொன்னார்கள். அடுத்த மாதமும் அந்தப் பிள்ளை வேலைக்கு வருவார் என்ற நிச்சயம் வேண்டும்தானே.

பம்பலப்பிட்டி உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

எங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களில் ஒருத்தியும் எழுதட்டும். எனக்கு வயது 74, தனியாக இருக்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது லிஃப்ட் நின்றது. மேல் மாடிகளில் இருந்த நாங்கள் கீழே இறங்கவில்லை. எங்கள் நிலையத்துப் பிள்ளைகள் மருந்தையும் பாணையும் படியேறிக் கொண்டுவந்து தந்தார்கள். அதே வருடம்தான் எங்கள் வயதினருக்கு இருந்த 15 வீத வைப்பு வட்டியும் நின்றது. அந்த வட்டியில் சீவித்தவர்கள் பலர். யாரிடமும் கை நீட்டாமல் இருந்தவர்கள், மருந்தில் பாதியைக் குறைத்து வாங்கத் தொடங்கினார்கள். அதைக் கண்டுபிடித்ததும் நிலையத்தில்தான், மாதாந்த சீனி, பிரஷர் பரிசோதனையில்.

நான் அங்கே சாப்பிட மட்டும் போவதில்லை. எனக்கு சிங்களம் நன்றாகத் தெரியும், அதனால் கிளினிக்குக்குத் துணையாகப் போகிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நம்பரைச் சிங்களத்தில் மட்டும் கூப்பிட்டதால், தன் முறை போனது தெரியாமல் ஒரு ஐயா மத்தியானம் வரை வாங்கிலில் இருந்ததைக் கண்டேன். அவர் காது கேளாதவர் இல்லை. 60 வயது கடந்தவர்களுக்கான முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். கிராம சேவகர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அதைக் காட்டி முன்னுரிமை கேட்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடவும் அதில் சபை இருக்கிறது. அதற்கு எங்களில் அநேகருக்கு மனம் வராது, அது வேறு கதை.

அவசரத்துக்கு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை ஃபோனில் அழுத்திப் பழக வைக்கிறேன். தமிழிலும் பேசலாம் என்று சொன்னால்தான் பயம் போகிறது.

பிள்ளைகளே, எங்களுக்குத் தருவதோடு நின்றுவிடாதீர்கள். எங்களிடம் வேலையும் கேளுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், தைக்கத் தெரிந்தவர், தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் எல்லோரும் அந்தக் கதிரைகளில்தான் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தை உறுப்பினர்:

ரீச்சர், எழுதியதற்கு நன்றி. உங்கள் கிளினிக் துணையைப் போலவே எங்களுக்கும் இப்போது ஆள் தேவை. ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவின் கண் ஆஸ்பத்திரி வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, வசதியில்லாத முதியோருக்கு இலவசமாகக் கண்புரை சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆனாலும் எங்கள் நிலையத்தில் சிலர் தள்ளிப் போடுகிறார்கள். காரணம் சத்திரசிகிச்சை இல்லை, அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நாளுக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டும். கை நடுங்குபவர் தன் கண்ணில் தானே எப்படி விடுவது? வீட்டில் வேறு ஆளும் இல்லை. கண் தெளிந்தால் அவர்கள் படியிறங்குவார்கள், மருந்துப் பெயர் வாசிப்பார்கள், பஸ் நம்பர் பார்த்து ஏறுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து இரண்டு மூன்று பேரை முறை வைத்து அனுப்ப யோசிக்கிறோம். போய்ச் சொட்டு விட்டு வர அதிக நேரம் ஆகாது. பாமன்கடை, வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் இருப்பவர்கள், காலையா மாலையா என்று குறிப்பிட்டு இங்கேயே பதில் போடுங்கள்.