புதுச்சேரியில் கடலோர வீடு, மூணு ராத்திரி: எதை எடுக்கலாம்? உதவி தேவை

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியிலிருந்து கார்ல ஆறு பேர் போறோம். நாங்க ரெண்டு பேர், மாமனார், மாமியார் (முழங்கால் வலி, ஒரு மாடி ஏறினாலே சிரமம்), பிள்ளைங்க 9 வயசும் 2 வயசும். ஒரு வேளையாவது வீட்டுல சமைக்கணும், அதனால ஹோட்டல் வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி சுமாருக்குப் போய்ச் சேருவோம். பார்த்து வெச்சிருக்கிறது மூணு வீடு:

அ) பீச் ரோட்டிலேயே, இரண்டாம் மாடி, கடல் பார்த்த பால்கனி.
ஆ) கோட்டக்குப்பம், செரினிட்டி பீச்சுக்கு 200 மீட்டர், தரைத்தளம்.
இ) வைசியாள் வீதி, பழைய தமிழ் வீடு, தரைத்தளம். "கடலுக்குப் பத்து நிமிஷ நடை"ன்னு போட்டிருக்காங்க.

நவம்பர் கடைசி வாரம் வாடகை ரொம்பக் குறைவு, பிப்ரவரின்னா அதிகம். பிள்ளைங்க கடல்ல குளிக்கணும்னு ஆசைப்படுறாங்க. எது சரி வரும்?

கலங்கரை:
முதல்ல தேதி. நவம்பர் கடைசியில வாடகை இறங்குறதுக்குக் காரணம் வடகிழக்குப் பருவமழை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி, தாழ்வான தெருவெல்லாம் தண்ணி. 2011-ல தானே புயல் வந்தது டிசம்பர் 30. ஒவ்வொரு வருஷமும் புயல் வரும்னு இல்லை. ஆனா சும்மா மழைன்னாலே கிழக்கு பார்த்த பால்கனிக் கதவு இடுக்கு வழியா சாரல் உள்ளே வரும், பிள்ளைங்க மூணு நாளும் வீட்டுக்குள்ளதான் இருப்பாங்க. பிப்ரவரியே எடுங்க. பொங்கல், குடியரசு தினக் கூட்டம் முடிஞ்சிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நவம்பர்தான் முடியும்னா, புயல் எச்சரிக்கை வந்தா முழுப் பணமும் திரும்புமான்னு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

அடுத்தது வீடு "அ". பீச் ரோடு, அதாவது கூபெர் அவென்யூ, மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரைக்கும் வண்டிகளுக்கு மூடல். நீங்க எட்டு மணிக்கு வந்தா கார் வாசல் வரைக்கும் போகாது. பெட்டி, குழந்தை, முழங்கால் வலியோட மாமியார், எல்லாரும் தடுப்புக்கு இந்தப் பக்கமே இறங்கி நடக்கணும், அப்புறம் ரெண்டு மாடி ஏறணும். அந்த வீட்டுக்கு டூமா வீதிப் பக்கம் பின்வாசல் இருக்கான்னு கேளுங்க. இருந்தா கார் பிரச்சினை தீரும், படி தீராது. வெள்ளை நகரத்துல, அதாவது கடலை ஒட்டின பழைய பிரெஞ்சுக்காரங்க பகுதியில, பழைய கட்டடங்கள் பலதுல லிஃப்ட் கிடையாது. கூரை உயரமா இருக்கிறதால ஒரு மாடிக்கு உண்டான படியே புது அபார்ட்மென்டைவிட அதிகம். உங்க வீட்டுக்கு "அ" வேண்டாம்.

செங்கழுநீர்:
கடல்ல குளிக்கிறதைப் பத்திச் சொல்றேன், வீடு தேர்வே அதுலதான் மாறும்.

புதுச்சேரி நகரத்துக் கடற்கரை குளிக்கிற கடற்கரை இல்லை. 1980-களின் கடைசியில நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துல துறைமுகத்துக்காகத் தடுப்புச் சுவர் கட்டினாங்க. இந்தக் கரையில மணல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தா தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறிச்சதால தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரையும் அதைத் தாண்டி கோட்டக்குப்பம் வரைக்கும் கரை அரிச்சுப் போச்சு. பீச் ரோட்டுல கருங்கல்லைக் கொட்டி வெச்சிருக்கிறது அதனாலதான். கல் மேல பாசி, கால் வெச்சா வழுக்கும். தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்கு அடியில ஒரு தடுப்பு அமைச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு. அதைப் பார்த்துட்டுப் பிள்ளைங்க ஓடுவாங்க, இறங்க விடாதீங்க. அடியில இழுப்பு உண்டு, உயிர்ப்பலியும் நடந்திருக்கு.

"ஆ" வீட்டுக்காரர் "பாண்டி பீச்"னு விளம்பரம் போட்டிருந்தாலும் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். செரினிட்டி அலைச்சறுக்குக்குப் பேர் போன இடம். அலை வேகமும், கரையிலிருந்து கடலுக்குள்ள நீட்டியிருக்கிற கல் வரிசையும் சேர்ந்தா 2 வயசுக் குழந்தைக்கு அது இடமே இல்லை. இன்னொண்ணு, புதுச்சேரியில வாங்கின மதுபாட்டிலோட எல்லையைத் தாண்டி அங்கே திரும்பினா வழக்கு. உங்களுக்குத் தேவைப்படாது, ஆனா இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஆகட்டும்.

தண்ணியில கால் நனைக்கணும்னா தெற்கே போங்க. சின்ன வீராம்பட்டினத்துல ஈடன் பீச், 2021-ல நீலக்கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தர்ற சர்வதேசச் சான்று) வாங்கினது. கழிப்பறை, உடை மாத்துற அறை, மணல் எல்லாம் இருக்கு. சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகுல போற பாரடைஸ் பீச்சும் அந்தப் பக்கம்தான். ஞாயித்துக்கிழமை படகுக்கு வரிசை நீளும், அதனால காலையிலேயே போங்க, திரும்புற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே கேட்டுக்குங்க. ரெண்டு இடத்துலயும் முழங்காலுக்கு மேல வேண்டாம். பெரியவர் ஒருத்தர் கடல் பக்கம் நின்னு, பிள்ளைங்க கரைப் பக்கம் இருக்கணும்.

ஆக, கடலுக்கு எப்படியும் கார்லதான் போகப் போறீங்க. அப்புறம் ஜன்னல்ல கடல் தெரியுறதுக்கு எதுக்குக் கூடுதல் வாடகை?

உப்புக்காத்து:
"இ"தான். ஆனா பார்க்காம பணம் போடாதீங்க. வீடியோ கால் போட்டு ஓனரை இதெல்லாம் செய்யச் சொல்லுங்க.

பாத்ரூம் குழாயைத் திறந்து கையில சோப்பு போட்டுக் காட்டச் சொல்லுங்க. கடலோரத்துல நிலத்தடி நீர்ல உப்பு ஏறின இடம் நிறைய. நுரையே வரலைன்னா தண்ணி உப்பு: குழந்தைக்குத் தோல் அரிக்கும், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் தினமும் ஒண்ணு, கூடுதலா கையிருப்புக்கு ஒண்ணு. மூணு ராத்திரிக்கு நாலு கேன், முதல் கேன் நீங்க போறப்பவே வீட்டுல இருக்கணும்.

ஏசியை ஓட விட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க. உப்புக்காத்து வெளியில இருக்கிற யூனிட்டோட அலுமினியத் தகட்டை அரிச்சு, தொட்டா பொடியா உதிர்ற மாதிரி ஆக்கிடும். அப்புறம் 18-ல வெச்சாலும் மின்விசிறிக் காத்துதான் வரும். அந்த யூனிட்டையே கேமராவுல காட்டச் சொன்னா தெரிஞ்சுடும்.

வாசலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க. பழைய தமிழ் வீட்டுல திண்ணைக்கு ரெண்டு மூணு படி, நிலைக்குக் கீழே உயரமான வாசல்படி, முற்றத்துக்கு ஒரு இறக்கம், எல்லாம் இருக்கும். "தரைத்தளம்"னா படியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட் கீழேயே இருக்கான்னும் பாருங்க. சில வீட்டுல அது மாடி அறையில மட்டும் இருக்கும். முற்றத்துல தொட்டியோ கிணறோ இருந்தா, 2 வயசுப் பிள்ளைக்கு மூடி பூட்டியிருக்கணும்.

பத்து நிமிஷ நடைங்கிறது வைசியாள் வீதியோட கிழக்கு முனைக்குச் சரி, அதாவது வெள்ளை நகரத்தையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற வாய்க்கால் பக்கம். மேற்கே மகாத்மா காந்தி வீதி முனைன்னா ஒரு கிலோமீட்டர் கிட்ட வரும், மாமியாருக்கு ஆட்டோதான். வாய்க்காலை ஒட்டின வீடுன்னா கொசுவலை கேளுங்க.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி. பிப்ரவரி, "இ"ன்னு முடிவு பண்ணிட்டோம். ஓனர் முழுப் பணமும் யுபிஐ-ல இன்னிக்கே கேட்கிறார். சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்பு மட்டும்தானாம். அரவிந்தர் ஆசிரமத்துக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

கலங்கரை:
ஆசிரமத்துல 3 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. ரெண்டு குழுவாப் பிரிஞ்சு போங்க. மணக்குள விநாயகர் கோயில் பக்கத்துலயே இருக்கு, ஒரு குழு அங்கே இருக்கலாம்.

முழுப் பணம் வேண்டாம். கால் பங்கு அட்வான்ஸ், மீதி சாவி வாங்கும்போது. அவசரப்படுத்தினா அதுவே எச்சரிக்கை, ஏன்னா வேற யாரோட வீட்டுப் படத்தையோ போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டுக் காணாமப் போறவங்க இருக்காங்க. வீடியோ கால்ல தெருவுல இறங்கி வாசல் கதவு எண்ணைக் காட்டச் சொல்லுங்க. மின்கட்டண ரசீதுல இருக்கிற பேரும் யுபிஐ-ல வர்ற பேரும் ஒத்துப் போகணும். வேற பேர்னா அவர் ஓனருக்கு என்ன உறவுன்னு கேளுங்க. அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டா, முதல் எட்டு இலக்கம் மறைச்ச நகலைக் கொடுங்க.

உப்புக்காத்து:
இண்டக்ஷன்ல அலுமினியக் குக்கர் சூடாகாது. அடி தட்டையான எவர்சில்வர் குக்கர் ஒண்ணும் பால் பாத்திரம் ஒண்ணும் எடுத்துட்டுப் போங்க, காந்தம் அடியில ஒட்டினா வேலை செய்யும். கரண்ட் போனா இன்வெர்ட்டர் லைட்டையும் மின்விசிறியையும்தான் தாங்கும், இந்த அடுப்பைத் தாங்காது. குழந்தைக்கு ராத்திரிப் பாலை முன்னாடியே காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுடுங்க.

செங்கழுநீர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை மகாத்மா காந்தி வீதியில சந்தை போடுவாங்க, சாயங்காலம் கார் நகராது. வீடு அந்த முனைன்னா ஞாயிறு காலையிலேயே காரை எடுத்துட்டு ஈடன் பீச் போயிடுங்க, திரும்பும்போது வாய்க்கால் பக்கமா உள்ளே வாங்க. நிறுத்த வீட்டுக்குச் சொந்த இடம் இருக்கான்னு ஓனர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. தெருவுல சனி, ஞாயிறு சாயங்காலம் இடம் கிடைக்காது.