மதுவிலக்கு ஏலத்தில் எடுத்த எக்ஸ்.எல்.

போன வருடம் எங்கள் மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில், மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளை ஏலம் விட்டார்கள். தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருக்கும்போது மதுவிலக்கு எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கள்ளச்சாராயமும் புதுச்சேரி பாட்டிலும் ஏற்றிவந்து சிக்கிய வண்டிகள்.

ஏலத்துக்கு முந்தைய நாள் பார்க்க விட்டார்கள். தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். சாவி கிடையாது, ஸ்டார்ட் செய்து பார்க்க வழியில்லை. பாதி வண்டிகளில் பேட்டரியைக் காணோம். ஒன்றின் சக்கரக் கம்பிகளுக்குள் கோவைக்கொடி ஏறிப் பூவே விட்டிருந்தது. பிடித்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் வருடக்கணக்கில் போட்டுவைப்பதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியாயிற்று. கொடிக்கு அது தெரியாது போல.

என் கண் பளபளவென்று நின்ற ஒரு ஸ்ப்ளெண்டர் மேலேயே இருந்தது. அண்ணன் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தேய்த்தார். பட்டியலில் இருந்த நம்பர் வேறு, வண்டியில் இருந்தது வேறு.

"விடு தம்பி. இரும்புன்னா நான் சரி பண்ணிடுவேன், நம்பரை நான் எங்க போய் சரி பண்றது?"

அப்புறம் ஓரமாகக் கிடந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் ஒன்றின் கிக்கரை மிதித்தார். இறங்கியது. எஞ்சின் ஜாம் ஆகவில்லை, நம்பரும் பொருந்தியது. டேங்க் மூடியைத் திறந்தால் துருவாடைதான் அடித்தது. "இது போதும்" என்றார்.

மறுநாள் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கினேன். பழைய இரும்பு வியாபாரிகள் மரத்தடியில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். புது ஆள் கை தூக்கினால் வேண்டுமென்றே விலையை ஏற்றுகிறார்கள். ஏழாயிரத்தைத் தாண்டக் கூடாதென்று வீட்டிலேயே முடிவு செய்திருந்ததால் தப்பித்தேன், 6,800-க்கு விழுந்தது. ஜி.எஸ்.டி. தனி. முழுப் பணத்தையும் அன்றே கட்டச் சொன்னார்கள். ரிப்பேருக்கு இன்னொரு 5,000 ஆனது.

வண்டி நான்கே நாளில் ஓடியது. காகிதம்தான் ஓடவில்லை. பொது ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்ற, கையில் வாங்கிய 30 நாளுக்குள் படிவம் 32 கொடுக்க வேண்டும்; ஏல உத்தரவு, விற்பனையை உறுதிசெய்த சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கூடவே வேண்டும். எனக்குக் கொடுத்த சான்றில் எஞ்சின் நம்பரின் 3-ஐ 8 என்று அடித்திருந்தார்கள். அதைத் திருத்த மூன்று நடை. 26-ஆம் நாள்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்திருக்க வேண்டும்.

பதிவெண் இல்லாத, போலிப் பதிவெண் போட்ட ஏல வண்டிக்கும் புதுப் பதிவெண் ஒதுக்க மத்திய மோட்டார் வாகன விதி 57-இல் இடமிருக்கிறது. அப்படி நிஜமாகவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நடை ஆனது என்று எழுதுங்கள். அந்த ஸ்ப்ளெண்டர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.