கடல் வெப்ப அலையா, கடற்காய்ச்சலா?

எல்லாருக்கும் வணக்கம்.

கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடேறி நாள்கணக்கில் நிற்பதை ஆங்கிலத்தில் marine heatwave என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் தேடுகிற சொல் அகராதிக்கு மட்டும் போகிற சொல் இல்லை. இன்னும் சில வாரத்தில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி என்று கரையோரத்து ஆட்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேர வேண்டிய சொல். பங்குனி பாதிகூட ஆகவில்லை, அதற்குள் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. கத்திரி வெயிலுக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

பேராசிரியர் ஐயா எழுதியது:

> "வெப்ப அலை" மக்களிடம் ஊன்றிவிட்ட சொல். முன்னால் "கடல்" சேர்த்து "கடல் வெப்ப அலை" என்றால் வேலை முடிந்தது.

ஐயா, தரையைப் பொறுத்தவரை உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, செய்தித்தாள் முதல் கலெக்டர் அலுவலக அறிக்கை வரை அதே சொல்தான். அதை இனி அசைக்கப் போவதும் வேண்டாம். ஆனால் கடலுக்குள் அதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று போன வருடம் கண்ணால் பார்த்தேன்.

மண்டபம் பக்கம் ஒரு குப்பத்தில் பாசி வளர்க்கிற அக்கா ஒருவர். கப்பாபைகஸ் பாசி, அங்கே பெப்சி பாசி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு ஓட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து மிதக்க விடுவார்கள், 45 நாளில் அறுவடை. அவருடைய கைப்பேசிக்கு வாட்சப்பில் ஒரு செய்தி வந்திருந்தது, யார் எழுதியதோ தெரியாது, "கடல் வெப்ப அலை எச்சரிக்கை" என்று இருந்தது. என்னிடம் நீட்டி, "அலை எத்தன அடி வரும்னு போடலையே தம்பி?" என்று கேட்டார். கேட்பதற்கு முன்னாலேயே அவரும் அவர் மகனும் இரண்டு மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் நின்று மிதவைகளுக்கு இரட்டைக் கயிறு கட்டி, கூடுதலாக நங்கூரக் கல் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அலையை எதிர்பார்த்து! அவர் செய்திருக்க வேண்டியது வேறு. முற்றாத பாசியாக இருந்தாலும் கொஞ்சம் முன்னாலேயே அறுத்துக் காயப்போட்டிருக்கலாம். விதைப்பாசியையாவது நீரோட்டம் உள்ள, ஆழம் கூடின இடத்துக்கு மாற்றியிருக்கலாம். அடுத்த வாரம் நான் போனபோது கயிறெல்லாம் இறுக்கமாக அப்படியே இருந்தது, பாசியின் நுனி மட்டும் வெளுத்து, தொட்டால் கொழகொழவென்று ஒடிந்து கையோடு வந்தது.

அந்தச் செய்தியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. சொல்தான் தவறு. தரையில் "அலை" என்பது உவமை என்று கேட்கிற யாருக்கும் புரியும், ஏனென்றால் தரையில் அலை கிடையாது. கடலில் அலை என்றால் அலைதான். ஆழிப்பேரலையைப் பார்த்த கரையில் நின்றுகொண்டு, கடல் என்ற சொல்லுக்கும் அலை என்ற சொல்லுக்கும் நடுவில் "வெப்ப" என்று போட்டுவிட்டு, அலை வராது, பயப்படாதீர்கள், இது வேறு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சரி, இது வேறு என்றால் என்ன? இழையில் சிலர் "கடல் ரொம்பச் சூடாவது" என்ற பொருளிலேயே சொல் தேடுகிறார்கள், அதனால்தான் "கடல் வெம்மை", "கடற்கொதிப்பு", "கடலனல்" எல்லாம் வந்தன என்று நினைக்கிறேன். விஞ்ஞானிகள் 2016இல் வகுத்து இப்போது பரவலாகப் பயன்படுகிற வரையறையில் "ரொம்பச் சூடு" என்ற பேச்சே இல்லை. ஒரு இடத்தின் கடல்மேற்பரப்பு வெப்பநிலையை 30 வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைய தேதியை ஒட்டிய நாட்களின் அளவுகளை மட்டும் பிரித்து ஏறுவரிசையில் அடுக்குகிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு எந்த அளவுக்குக் கீழே நிற்கிறதோ அது எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி குறைந்தது 5 நாள் தொடர்ந்து நின்றால்தான் கணக்கு. ஒரு நாள், இரண்டு நாள் சூடு சேராது. அதேபோல மார்கழியில் கடல் 28 டிகிரி இருந்தாலும், அந்த இடத்துக்கு அந்த மாதத்தில் அது வழக்கத்துக்கு மீறியது என்றால் அதுவும் இதே கணக்கில் வரும். "கொதிப்பு", "அனல்" என்று பெயர் வைத்துவிட்டு மார்கழிக் கடலை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இந்த இரண்டு நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள்: அந்த உடம்புக்கு எது வழக்கமோ அதைத் தாண்டணும், தாண்டி சில நாள் நிற்கணும். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. காய்ச்சல்.

இது எனக்கு மேசையில் உட்கார்ந்து தோன்றியது இல்லை. அந்த அக்காவிடம் அலை வராது, தண்ணீர்தான் வழக்கத்தைவிட சூடாகும் என்று சொன்னதும் அவர், "தண்ணி காயுதுன்னு சொல்றாங்களாக்கும். அது முழங்கால் அளவு இறங்குனாலே தெரியுதே" என்றார். "காயுது" என்ற வினையை அவர் தேடி எடுக்கவில்லை, வாயில் வந்தது. குளிக்க வெந்நீர் போட்டுவிட்டு "தண்ணி காஞ்சிருச்சா?" என்று நாம் கேட்பதும் அதே வினைதான். வெயில் காய்கிறது, நிலா காய்கிறது, குளிர் காய்கிறோம், கருவாடு காய்கிறது, உடம்பு காய்கிறது. வயலில் தண்ணீர் கட்டுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். இத்தனை இடத்தில் புழங்கும் வேரிலிருந்து பெயர் எடுத்தால் புதுச்சொல் என்ற உறுத்தலே இருக்காது.

ஆகவே என் பரிந்துரை: கடற்காய்ச்சல். பாடநூலிலும் கட்டுரையிலும் புணர்த்தி எழுதலாம், எச்சரிக்கைச் செய்தியில் "கடல் காய்ச்சல்" என்று பிரித்தே போடலாம். சந்தி தெரியாமல் ஒருவர் தடுக்கி நிற்கக் கூடாது.

நண்பர்கள் எழுப்பிய மறுப்புகளுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணன், "எங்கட பக்கம் காய்ச்சல் எண்டால் நோய் மட்டும்தான், சூட்டுக்கு வெக்கை எண்டுதான் சொல்லுறது, கடல் வெக்கை நல்லாய்த்தானே இருக்கு" என்று எழுதியிருந்தார். அண்ணன், வெக்கை எனக்கும் மிகவும் பிடித்த சொல், இழையில் வந்த சொற்களில் இரண்டாவது இடம் அதற்குத்தான் கொடுப்பேன். என் தயக்கம் ஒன்றுதான். வெக்கை என்பது காற்றில் நம் தோலுக்குத் தெரிவது. "கடல் வெக்கை" என்றால் கடலோரத்தில் மனிதர்களுக்கு அடிக்கிற புழுக்கம் என்றுதான் முதலில் மனது போகும். அதுவும் உண்மையில் நடக்கிற ஒன்று, கடல் சூடாக இருந்தால் மாலையில் வருகிற கடல்காற்றும் பிசுபிசுவென்று வந்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் நமக்கு வேண்டியது தண்ணீருக்கு நடப்பதன் பெயர். காய்ச்சல் என்றால் நோய் என்று தோன்றுவதை நான் குறையாக நினைக்கவில்லை. கடலுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிறவருக்குத் தோன்றினால், தோன்றட்டும்.

மன்னார் வளைகுடாவில் அப்படித்தானே ஆகிறது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு, அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் கொடுக்கிறது, உணவும் கொடுக்கிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், வெள்ளை வெளேரென்று எலும்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கும். நீடித்தால் செத்துப்போகும். சூட்டின் அளவைப் போலவே எத்தனை நாள் நின்றது என்பதும் முக்கியம், இதுவும் காய்ச்சல் கணக்குதான். 2010, 2016 என்று வெளுத்தது, அப்புறம் 2020 மே மாதம் வந்த கடற்காய்ச்சலுக்குப் பிறகு முங்கிப் பார்த்தபோது 85 விழுக்காடு பவளம் வெளுத்திருந்தது. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்சி மாத்யூ கோல் குழுவினர் 1982 முதல் 2018 வரை எண்ணியதில் மேற்கு இந்தியப் பெருங்கடலில் 66 தடவை, வங்கக் கடலில் 94 தடவை. இத்தனை தடவை வந்துபோன ஒன்றுக்கு நம் மொழியில் கரையில் புரிகிற பெயர் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இன்னொரு நண்பர், அறிவியல் சொல்லில் இப்படிப் பேச்சுவழக்கு வரலாமா, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் துல்லியம் போய்விடாதா என்று கேட்டார். கள்ளக்கடல் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். எங்கோ தெற்கே கடலில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன் மாதிரி கரை ஏறுவதற்குக் கேரளக் கரை மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோ அதை அப்படியே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஹைதராபாதிலிருந்து இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) குமரி மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடும்போது அதே சொல்தான் வருகிறது. கரையில் பிறந்த சொல் உலகத்துக்குப் போக முடியும் என்றால், நம்மிடம் புழங்கும் ஒரு சொல் நம் கரைக்கே திரும்பப் போவதில் என்ன தடை? ஆங்கிலத்திலும் இது ஆதியிலிருந்து இருந்த சொல் இல்லை. 2011இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடல் சூடேறியபோதுதான் அந்தப் பெயரே பரவத் தொடங்கியது.

தர வரிசைக்கும் சொல் வேண்டும் என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. நாலு படி இருக்கிறது. வழக்கமான அளவுக்கும் எல்லைக்கோட்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, வழக்கம் 29, கோடு 29.8 என்றால் முழம் 0.8 டிகிரி. வழக்கமான அளவுக்கு மேல் ஒன்றிலிருந்து இரண்டு முழம் வரை முதல் படி, மூன்று வரை இரண்டாம் படி, நாலு வரை மூன்றாம் படி, அதற்கு மேல் போனால் நாலாம் படி. இளங்காய்ச்சல், காய்ச்சல், கடுங்காய்ச்சல், கொடுங்காய்ச்சல் என்று வைக்கலாமா? இரண்டாவது பொதுப்பெயரோடு மோதுகிறது என்பது எனக்கே தெரிகிறது, "வன்காய்ச்சல்" என்று மாற்றலாம். யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள், இதில் பிடிவாதம் இல்லை. எதிர்ப்பதத்துக்கு, அதாவது கடல் வழக்கத்துக்கு மீறிக் குளிர்ந்து கிடக்கும் நாட்களுக்கு, "கடற்குளிர்" போதும்.

பிடிவாதம் இருப்பது ஒரே இடத்தில்தான்: கடலில் "அலை" வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் கடல் உச்சமாகக் காயும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வலுத்து அடித்து அடித்தண்ணீரைக் கலக்கிவிடும் வரை தணியாது. அதிலும் பாக் நீரிணை பெரும்பாலும் பத்து மீட்டர்கூட ஆழமில்லாத கடல், சட்டியில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சீக்கிரம் காய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் தண்ணீரில் இறங்குவது நாட்டுப்படகுக்காரர்களும், மிதவை கட்டியிருப்பவர்களும்தான். வயர்லெஸ்ஸோ பெரிய கருவியோ அவர்களிடம் கிடையாது, கைப்பேசியில் வருகிற ஒரு வரிதான். அந்த வரி இப்படி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்:

"வடகடலில் கடல் காய்ச்சல். தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது, இன்னும் பத்து நாள் நிற்கலாம். அலை உயராது. முற்றிய பாசியை அறுத்துவிடவும், விதைப்பாசியை ஓட்டமுள்ள இடத்துக்கு மாற்றவும்."

யாழ்ப்பாணத்து அண்ணன், உங்கள் குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் நாலு பேரிடம் இதை வாசித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டு எழுத முடியுமா? "காய்ச்சல்" அங்கே உண்மையிலேயே தடுக்குகிறது என்றால் நான் வெக்கைக்கு வந்துவிடுகிறேன், இரண்டு கரைக்கும் ஒரே கடல், ஒரே சொல்தான் வேண்டும். நானும் இந்த ஞாயிறு மண்டபம் போய் அந்த அக்காவிடம் காட்டுகிறேன். சித்திரை ஒன்றுக்குள் முடிவு செய்துவிடலாம், அந்த நாளை ஒட்டித்தான் நண்பகலில் சூரியன் மண்டபத்துக்கு நேர் உச்சியில் வரும்.